‘5 முன்னுரிமை எழுதித் தாங்க’ எண்டு படிவம் வந்திருக்கு. வாவிக்கரை ஊர்கள் என்ன எழுதலாம்?

வாவிக்கரையான் (வெள்ளி, இரவு 8.50)

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்குப் பக்கம், எழுவான்கரையில ஒரு சின்ன மீனவர் சங்கத்துக்கு நான் செயலாளர். 64 பேர் பதிவு, சந்தா கட்டுறது அரைவாசிதான். ஊர்ப் பெயர் வேணாம், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

போன கிழமை ஒரு படிவம் வந்தது. இயற்கை வளப் பாதுகாப்பில எங்கட பிரிவுக்கு எது முக்கியம் எண்டு ‘சமூகமே’ தீர்மானிச்சு 5 முன்னுரிமை எழுதித் தரட்டாம். வாசிக்கச் சந்தோசமாத்தான் இருந்தது. மறுகா பக்கத்தைத் திருப்பினா 12 விசயம் முன்னமே அடிச்சுக் கிடக்கு. கண்டல் நடுறது, கரையில பிளாஸ்ரிக் பொறுக்கிறது, விழிப்புணர்வுப் பலகை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சித்திரப் போட்டி... நாங்க பக்கத்தில இலக்கம் போட்டாச் சரியாம். அடியில ‘வேறு’ எண்டு அரை விரல் நீளத்தில ஒரு கோடு.

முகத்துவாரம், அதான் வாவி கடலோட சேருற வாய், அந்தச் சொல் 12இல இல்ல. ஒற்றை நைலோன் இழையில பின்னுற தங்கூசி வலை இல்ல. 56 கிலோமீற்றர் நீளமான வாவி எங்கட. அதில இறால் இருக்குமா இல்லையா எண்டது பாலமீன்மடுவில வாயை மூடிக் கிடக்கிற மணல்திட்டை எப்ப வெட்டுறாங்க எண்டதிலதான் கிடக்கு. அதை ஒருத்தரும் கேக்கல்ல, சித்திரப் போட்டிக்கு எத்தனையாம் இலக்கம் எண்டு கேக்கிறாங்க.

அடுத்த புதன் காலை 10 மணிக்குக் கூட்டம். அந்தக் கோட்டில என்ன எழுதலாம்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

சும்மா_பார்க்கிறவன் (வெள்ளி, இரவு 9.15)

காலம 10 மணிக்கோ? நல்லா வருவாங்க. இரவு வலை போட்டவன் அப்பதான் மீனை வித்துப்போட்டு வந்து பாயில சரிஞ்சிருப்பான். கூட்டத்துக்கு வாறது சங்கத் தலைவர், தலைவர்ர மச்சான், தேத்தண்ணிக்கு ரெண்டு பேர். வரவு இடாப்பில மட்டும் 40 கையெழுத்து நிக்கும். நான் 3 கூட்டம் போய்ப் பார்த்த ஆள்.

வட்டவிதானை_பேரன் (வெள்ளி, இரவு 10.05)

அண்ணே, நான் வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரை. வெல்லாவெளிப் பக்கம் 6 ஏக்கர் செய்யிறம். கோவிக்காதீங்க, நீங்க அந்தக் கோட்டில ‘முகத்துவாரம் வெட்டக் கூடாது’ எண்டு எழுதுறதா இருந்தா நாங்க எங்கட படிவத்தில ‘உடன வெட்டோணும்’ எண்டு எழுதுவம். ரெண்டும் ஒரே மேசைக்குத்தான் போகும். அங்க இருக்கிறவர் ரெண்டையும் பார்த்துப்போட்டு, ‘சமூகத்துக்குள்ளயே ஒற்றுமை இல்ல, கண்டலையே நடுவம்’ எண்டு மூடி வச்சிருவார்.

மாரி மழை ஒரு கிழமை விடாமப் பெஞ்சா வாவி ஏறி எங்கட பள்ளக் காணிக்குள்ள வருது. கதிர் வெளிய வர முதல், குடலைப் பருவத்தில பயிர் தண்ணிக்குள்ள 5 நாள் நிண்டா அவ்வளவுதான், வைக்கோல் கூட மிஞ்சாது. 2011 தை மாச வெள்ளத்தில எங்கட வட்டையில (வயல் வெளியில) அறுவடை எண்ட சொல்லே இல்ல. அப்பப்பா காலத்தில ஆக்கள் மண்வெட்டியோட போய் ஆற்றுவாய் வெட்டினவங்களாம். இப்ப பெக்கோ மெசின் வர ஒரு கடிதம், அதுக்கு மேல ஒரு கடிதம்.

வாவிக்கரையான் (வெள்ளி, இரவு 10.30)

தம்பி, வெட்டக் கூடாது எண்டு ஆர் சொன்னது? வாய் திறந்தாத்தான் கடலில இருந்து இறால் குஞ்சு உள்ளுக்கு வரும், அது எங்களுக்குத் தெரியாதா. அவசரப்பட்டு வெட்டுறதைத்தான் சொல்லுறம். வாவி நிறைய முதலே ரெண்டு பெரிய ஆக்கள் போன் பண்ணி வெட்டுவிச்சா, ஒரே இரவில தண்ணி வடிஞ்சு, மாரிக்கெண்டு நிண்ட இறால் எல்லாம் கடலுக்குப் போகுது. மறுகா மழை விட்ட உடன மணல் திரும்ப மூடிக்கொள்ளும். அந்த வருசம் தைப்பொங்கலுக்குக் கடன்.

ஆனா நீ சொன்னது சுட்டுது. ரெண்டு படிவமும் ஒரே மேசைக்குப் போகும் எண்டு நான் யோசிக்கல்ல.

கல்முனைக்_காக்கா (சனி, காலை 6.20)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வாவி எண்டா உங்களுக்கெல்லாம் கல்லடிப் பாலமும் பாடும் மீனும்தான் ஞாபகம். தெற்குத் தொங்கல் எங்கட அம்பாறை மாவட்டத்துக்க இரிக்கி எண்டத மறந்துராதீங்க. கிட்டங்கிப் பாலத்தால போய்ப் பாருங்க. மாரி வந்தா தண்ணியில மிதக்கிற ஆற்றுவாழைக் களை பாய் விரிச்ச மாதிரி வந்து பாலத்தடியில அடைக்கும். தண்ணி போக வழியில்லாம ரோட்டுக்கு மேலால பாயும். நாவிதன்வெளிப் பக்கம் படிப்பிக்கப் போற டீச்சர்மார் உழவு மெசின்ல ஏறித்தான் கடக்கிறாங்க.

எங்களுக்கு அந்தப் படிவம் வரவே இல்ல. வேற மாவட்டமாம். ஆற்றுவாழைய இஞ்சால அள்ளிப் போட்டு ஒரு பிரயோசனமும் இல்ல. மேல் வயல்கள்ல போடுற யூரியாத் தண்ணி வடிஞ்சு வர வர அது ஒண்டுக்குப் பத்தாப் பெருகும். நான் 4 தரம் சிரமதானத்துக்குப் போனவன், அடுத்த மழைக்குப் பழையபடிதான். உங்கட 12 விசயத்தில ‘ஆற்றுவாழை அகற்றல்’ இரிந்தா அதுக்கு இலக்கம் போடாதீங்க. அள்ளுறத்துக்குக் காசு வரும், அள்ளுவாங்க, போட்டோ எடுப்பாங்க, முடிஞ்சுது கதை.

ஸ்காபரோ_மணி (சனி, காலை 7.45)

பிள்ளைகளே, நான் ஊரை விட்டுக் கனடாவுக்கு வந்து 33 வருசம். நாங்க இஞ்ச கொஞ்சப் பேர் காசு சேர்த்து 10,000 கண்டல் கன்று நட்டுத் தரத் தயார். முன்னுரிமை 1 அதையே போடுங்க. பெயர்ப் பலகை கூட வேணாம்.

ராணி_டீச்சர் (சனி, முற்பகல் 11.10)

மணி அண்ணா, பெயர்ப் பலகை வேணாம் எண்டு சொன்னதுக்கே உங்களைக் கும்பிடோணும். ஆனால் கன்றுக் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ.

சுனாமிக்குப் பிறகு தீவு முழுக்கக் கண்டல் நட்டார்கள். அதில் 23 இடங்களைத் திரும்பப் போய்ப் பார்த்த ஆய்வொன்று 2017இல் வந்தது. 1,000 முதல் 1,200 ஹெக்டயர் வரை நடப் பார்த்ததில் உயிரோடு நின்றது 200 சொச்சம். 9 இடங்களில் ஒரு கன்றுகூட இல்லை. நட்டவர்களுக்கு அக்கறை இல்லாமல் போனதில்லை. கையில் எடுத்துச் சேற்றில் குத்த வசதியான நீட்டுக் காய்க் கண்டலையே எல்லா இடத்திலும் குத்தினார்கள். தண்ணீர் எவ்வளவு ஏறும், எத்தனை நாள் நிற்கும், அந்த இடத்தில் முன்னர் என்ன மரம் நின்றது என்று கரையில் இருக்கிறவர்களைக் கேட்கவில்லை. எங்கள் ஊரிலும் ஒரு துண்டு நட்டார்கள். அங்கே முதலில் நின்றது தில்லை. ‘பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும், வேண்டாத மரம்’ என்று அதை வெட்டிவிட்டுத்தான் கண்டல் வைத்தார்கள். இப்போது தில்லையும் இல்லை, கண்டலும் இல்லை.

அதைவிட இன்னொன்று. இந்த இழையில் இதுவரை எழுதியது எல்லாம் ஆண்கள். (தப்பென்று சொல்லவில்லை, கணக்குக்குச் சொன்னேன்.) இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறது ஆர்? பன் புல் வெட்டிக் காய வைத்துப் பாய் இழைக்கிறது ஆர்? அந்தக் கூட்டத்துக்கு அவர்களும் வருவார்கள், தேத்தண்ணி ஊற்ற.

போன வருசம் மாதர் சங்கத்தில் ஒரு விளையாட்டுப் போல செய்து பார்த்தோம். கரையை நிலத்தில் சோக்கால் கீறி, வாவி, கண்டல், பன் நிற்கிற பள்ளம், கிணறு, இறங்குதுறை எல்லாம் குறித்து, ஆளுக்கு 10 புளியங்கொட்டை கொடுத்தேன். எது போனால் உங்களுக்குக் கஷ்டமோ அதில் வையுங்கோ என்றேன். முகத்துவாரத்துக்குப் பெண்கள் வைத்தது மூன்றோ நான்கோ கொட்டைதான். நிறைய விழுந்தது கிணற்றிலும் பன்னிலும். கிணறு கோடையில் உவர்க்கிறது. பன் நின்ற பள்ளத்தை ஆரோ மண் போட்டு நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். ஒரு ஆச்சி 10 கொட்டையையும் இறங்குதுறைப் பாதையில் வைத்தார். ஏனம்மா என்று கேட்டால், ‘பாதையை வேலி போட்டு அடைச்சிட்டாங்க மகள், வாவிக்கே போகேலாத எனக்கு வாவியில என்ன இருந்தா என்ன’ என்றார்.

உங்கள் 12இல் இறங்குதுறை இருக்கிறதா, வாவிக்கரையான்?

வாவிக்கரையான் (சனி, பகல் 12.40)

இல்ல டீச்சர். பன்னும் இல்ல. கிணறும் இல்ல.

சும்மா_பார்க்கிறவன் (சனி, பிற்பகல் 1.05)

புளியங்கொட்டை வச்சு நாட்டைத் திருத்தப் போறாங்க. வெள்ளைக்காரன் புத்தகத்தில இருக்கிற விளையாட்டு. முடிவெடுக்கிறவன் முன்னமே எடுத்திட்டான், இது சும்மா கையெழுத்துக்கு.

வாய்க்கால்_ஓய்வூதியர் (சனி, மாலை 5.30)

நான் நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி சும்மா_பார்க்கிறவனுக்கு ஒரு கதை சொல்லவேண்டும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையை எல்லாருக்கும் தெரியும். சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் அம்பாறையில் தொடங்கிக் கடைவாய்க்கால்களுக்கு வந்து சேரவேண்டும். தலைமாட்டில் சிங்கள விவசாயிகள், கால்மாட்டில் தமிழ் விவசாயிகள். எண்பதாம் ஆண்டளவில் வாய்க்கால் உடைந்து, கதவு களவு போய், கடைசிக்காரனுக்குத் தண்ணீர் என்றால் கனவு. ‘விவசாயிகளுக்கு ஒற்றுமை இல்லை, கூட்டம் வைத்துப் பயனில்லை’ என்று காரியாலயங்களில் எல்லாரும் சொன்ன காலம். நானும் சொன்னவன்தான்.

1981இல் படித்த இளம் பிள்ளைகளை அமைப்பாளர்களாக அங்கே இருக்க அனுப்பினார்கள். அவர்கள் கையில் பட்டியல் ஏதும் கொடுக்கவில்லை, அதுதான் எனக்கு அப்போது விசித்திரமாகப் பட்டது. ஒரு சிறு வாய்க்காலில் பாய்ச்சுகிற பத்துப் பதினைந்து பேரோடு கதை, உங்களுக்கு எது முதலில் என்று கேள், அவ்வளவுதான் உத்தரவு. சட்டமும் சங்கமும் பிறகு பார்க்கலாம். வாய்க்கால் துப்பரவு செய்தார்கள், முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள், அதுவும் குளத்தில் தண்ணீர் குறைந்த காலத்தில். மிச்சம் பிடித்த தண்ணீரை மேல் வாய்க்கால்காரர் கீழே அனுப்பினார்கள். அது 83 இனக் கலவரத்துக்கு முந்திய காலம், நாடு எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்று உங்களுக்குத் தெரியும். இதை நான் புத்தகத்தில் வாசிக்கவில்லை தம்பி, வாய்க்கால் கட்டில் நின்று பார்த்தேன்.

அங்கே சரிவந்தது ஏன் என்றால், கேட்ட கேள்வி சின்னது. இந்த வாய்க்கால், இந்தப் போகம், இந்தப் பதினைந்து பேர். ‘இயற்கை வளப் பாதுகாப்பில் உங்கள் முன்னுரிமை என்ன’ என்று அவர்களிடம் கேட்டிருந்தால் எல்லாரும் ‘மரம் நடுதல்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தில், ஒரு நீர்ப்பரப்பை முகாமைத்துவப் பகுதியாகப் பிரகடனம் செய்யவும், அங்கே தொழில் செய்கிறவர்கள் குழு அமைக்கவும் இடம் இருக்கிறது. எந்த வலை, எந்தக் காலம், எந்த நேரம் என்று அந்தப் பகுதிக்கு ஒழுங்குவிதி கொண்டுவரலாம். நீர்கொழும்புக் களப்பில் கம்பு நட்டு வலை கட்டி இறால் பிடிக்கிறவர்கள், எந்த இரவு எந்த இடம் ஆருக்கு என்று சீட்டுப் போட்டுப் பிரிக்கிறார்கள். பழைய வழக்கம், பிறகு அரசாங்கமும் அதை விதியாக எழுதிக்கொண்டது. வழக்கம் முதலில் வந்தது, வர்த்தமானி பிறகு. ஆகவே உங்கள் கோட்டில் ஆசையை எழுதாதீர்கள், நீங்கள் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட ஒன்றை எழுதுங்கள்.

பொத்துவில்_றிஸ் (சனி, இரவு 8.15)

ஐயா சென்ன ‘சின்னக் கேள்வி’ சரி. எங்கட பக்கம் யானைக் கதையிலயும் அதுதான். மின்சார வேலி எண்டா காட்டு எல்லையில நட்டுட்டுப் போவாங்க. அந்தக் கோடு கடதாசியில கீறின திணைக்கள எல்லை. வேலிக்கு உள்ளுக்கும் யானை, வெளியிலயும் யானை. ஒரு மரம் விழுந்து கம்பி அறுந்தா பார்க்க ஆள் இல்ல.

2020இல யானை-மனிதர் மோதலுக்குத் தேசிய செயற்றிட்டம் எண்டு ஒண்டு தயாரிச்சாங்க. அதில செல்லி இரிக்கிறது ஊரைச் சுத்தி வேலி, வயலைச் சுத்திப் போகத்துக்கு மட்டும் வேலி. விதைச்ச உடன வயல்காரனே போடுற, வெட்டின உடன கழட்டிர. மறுகா யானை தாளடியில வந்து மேஞ்சுட்டுப் போகட்டும். வேலி என்ட வயலுக்கு எண்டா புல்லு முட்டாமப் பார்க்கிறதும் நான்தானே. 2023இல மட்டும் இந்த நாட்டில 450க்கு மேல யானை செத்திரிக்கி. சும்மா ‘யானைப் பாதுகாப்பு’ எண்டு 3ஆம் இலக்கம் போட்டு இதுக்கு என்னத்தக் காண?

ஆனா ஐயா, ஒண்டு கேக்கன். கல்லோயாவில அமைப்பாளர் ஊரில இரிந்தார். இப்ப வாறவர் பின்னேரம் 4 மணிக்கு வானத்தப் பார்க்கார், கடைசி பஸ் போயிருமெண்டு.

வட்டவிதானை_பேரன் (சனி, இரவு 9.00)

ஐயா சொன்னதை வச்சு ஒண்டு யோசிச்சன். எங்கட வட்டையில தண்ணி திறக்கிற நாள், மாடு வெளியேத்துற நாள், வேலி அடைக்கிற நாள் எல்லாம் விதைப்புக்கு முதல் ஆரம்பக் கூட்டத்தில தீருது. சண்டை வரும், கதிரை பறக்கும், ஆனா ஒரு திகதி எழுதுப்பட்டா அது எழுதுப்பட்டதுதான். வட்டையில தண்ணி பார்க்கிற விதானை வந்து குற்றம் எழுதுவார். முகத்துவாரத்துக்கு அப்படி ஒண்டும் எங்களுக்கும் உங்களுக்கும் நடுவில இல்ல. தண்ணி ஏறினாப் பிறகு, மழைக்குள்ள, கோவத்தில கதைக்கிறம்.

ஏன் அளவொண்டு வைக்கேலாது? தண்ணி இந்தக் கோட்டுக்கு வந்தா வெட்டுறது, வரமுதல் வெட்டேலாது. கோடு எங்க எண்டு ரெண்டு கரையும் புரட்டாசியிலேயே பேசி முடிக்கிறது. மழை வாறத்துக்கு முதல் ஒருத்தனுக்கும் கோவம் வராது.

வாவிக்கரையான் (சனி, இரவு 9.20)

கோட்டை எந்த உயரத்தில போடுற? அதிலதான் அடிபாடே.

வட்டவிதானை_பேரன் (சனி, இரவு 9.35)

அதைத்தான் பேசோணும் அண்ணே. எனக்கு எங்கட ஆகப் பள்ளமான காணி எந்த அளவில மூழ்கத் தொடங்குது எண்டு தெரியும். உங்களுக்கு எந்த அளவில வெட்டினா இறால் தங்கும் எண்டு தெரியும். ரெண்டுக்கும் நடுவில ஒரு முழம் இருக்குதோ, நாலு விரல்தான் இருக்குதோ, ஒருக்காப் பார்ப்பமே.

கல்முனைக்_காக்கா (சனி, இரவு 10.10)

நாலு விரலும் இல்லாட்டி?

வட்டவிதானை_பேரன் (சனி, இரவு 10.20)

இல்லாட்டி அந்தப் பள்ளக் காணிக்காரர் எத்தனை பேர் எண்டு எண்ணிப் பார்க்கலாம் காக்கா. எங்கட வட்டையில பதினொரு பேர். அவங்களுக்கு நட்டம் வாற வருசம் என்ன செய்யிற எண்டு பேசுறது, முழு வாவியையும் பேசுறதை விட லேசு. அந்தப் பதினொருத்தரில நானும் ஒருத்தன் எண்டதையும் சொல்லிப்போடுறன்.

ராணி_டீச்சர் (ஞாயிறு, காலை 8.00)

நல்லது. ஆனால் கோடு போட்டு முடிந்தால் கிணறும் இறங்குதுறையும் திரும்ப ‘வேறு’க்குள்ளே போய்விடும். எழுதும்போது அதையும் பக்கத்தில் எழுதுங்கோ. ஆச்சியின் பாதை திறக்கிறதுக்குப் பொறியியலாளர் தேவையில்லை, ஒரு வேலியைப் பிடுங்கினால் போதும். ஆர் வேலி என்று ஊருக்கே தெரியும், அதனால்தான் அது ஒரு படிவத்திலும் வருவதில்லை.

ஸ்காபரோ_மணி (ஞாயிறு, காலை 9.25)

கண்டல் காசை என்ன செய்யிற எண்டு நீங்களே சொல்லுங்க. டீச்சர் சொன்னதை இஞ்ச இருக்கிறவங்களுக்கு வாசிச்சுக் காட்டினன். ஒருத்தர் கேட்டார், நடாமச் சும்மா விட்டா தானா முளைக்காதா எண்டு.

ராணி_டீச்சர் (ஞாயிறு, காலை 9.40)

தண்ணீர் வந்து போக வழி இருந்து, மாடு மிதிக்காமல் இருந்தால் பல இடங்களில் தானாக முளைக்கும் அண்ணா. கேட்டவருக்கு என் வணக்கம். காசைக் கையில் வைத்திருங்கோ, ஒரு வேலிக்கோ ஒரு வாய்க்காலுக்கோ தேவைப்படலாம்.

வாவிக்கரையான் (புதன், இரவு 7.30)

கூட்டம் முடிஞ்சுது. நேற்றே போய்க் கதைச்சு 10 மணியைப் பின்னேரம் 3 மணிக்கு மாத்தினம், 31 பேர் வந்தாங்க, அதில 9 பொம்பிளையள். தேத்தண்ணி ஆம்பிளையள்தான் ஊத்தினது, சீனி கூடிப் போச்சு.

12 விசயத்துக்கும் இலக்கம் போடல்ல. ‘வேறு’ கோடு போதாம ஒரு கொப்பித் தாளை ஒட்டினம். அதில 3 வசனம். ஒண்டு, முகத்துவாரம் வெட்டுறத்துக்கு ரெண்டு கரைச் சங்கமும் சேர்ந்து ஒரு நீர்மட்டம் குறிக்கிறம், அதைப் பதிஞ்சு தாங்க. ரெண்டு, இறங்குதுறைப் பாதை 3, எங்கெங்க எண்டு. மூண்டு, தங்கூசி வலை எங்கட சங்கத்துக்காரரே விட்டுறம். இந்த மூண்டாவதில நல்லாச் சண்டை. அது 2006இலயே தடை, ஆனா எங்கட 64 பேரில எத்தனை பேர்ட வீட்டில கிடக்கு எண்டு எனக்குத்தான் தெரியும். என்ட அண்ணன்ட வீட்டிலயும் கிடக்கு. இப்ப அவர் என்னோட கதைக்கிறதில்ல.

அதிகாரி தாளை வாங்கிப் பார்த்துப்போட்டு, ‘இதை எந்த நிரலில போடுற’ எண்டு கேட்டார். நல்ல மனிசன், கேலியா இல்ல, உண்மையாத்தான் கேட்டார்.

சும்மா_பார்க்கிறவன் (புதன், இரவு 7.50)

அந்தத் தாளை ஸ்ரேப்ளர் பண்ணினீங்களா, சும்மா ஒட்டினீங்களா? ஒட்டினது களரும்.

வாவிக்கரையான் (புதன், இரவு 7.55)

ரெண்டும். போட்டோப் பிரதியும் எடுத்தாச்சு.

வட்டவிதானை_பேரன் (புதன், இரவு 8.30)

அண்ணே, எங்கட கமக்காரர் அமைப்பிலயும் கதைச்சிட்டன். தலைவர் முதல்ல ‘மீன்காரரோட என்ன பேச்சு’ எண்டார், மறுகா வாறன் எண்டிட்டார். ஞாயிறு காலம 6 மணிக்கு மண்முனைப் பாலத்தடிக்கு வருவீங்களா? ரெண்டு பக்கத்துக்கும் நடு. 2014இல பாலம் வர முதல் எண்டா பாதையில (ஆக்களை ஏத்துற மிதவையில) ஏறித்தான் வந்திருப்பம்.

வாவிக்கரையான் (புதன், இரவு 8.40)

வாறம், ஆறு பேர். பாலத்தில ஒண்டும் கீற வேணாம், அரசாங்கச் சொத்து. பக்கத்தில ஒரு பனங்கம்பு நடுவம். கம்பும் வெள்ளைப் பெயின்ற்றும் நான் கொண்டாறன். போன மாரித் தண்ணி எது மட்டும் ஏறினது எண்டு காட்ட ஆள் வேணும்.

வட்டவிதானை_பேரன் (புதன், இரவு 8.45)

பெரியப்பாவைக் கூட்டிவாறன். அவருக்கு 2011ம் ஞாபகம் இருக்கு. கூன், கம்பில தொட்டுக் காட்டக் கொஞ்ச நேரம் எடுக்கும்.

கல்முனைக்_காக்கா (புதன், இரவு 9.15)

எங்களயும் ஒருக்காக் கூப்பிடுங்க தம்பிமார். கிட்டங்கிக்கும் ஒரு கம்பு தேவப்படுகுது.